கூட்டம் காட்டி விற்ற வீடு

விற்காத வீடுகளின் சாவிகளை எல்லாம் இடுப்பிலே கோத்துக்கொண்டு, தெருமுனையில் வரும்போதே கலகலவென்று தம் வருகையை அறிவிக்கும் எங்கள் வீட்டுத் தரகர் சங்கத் தலைவர், சாவிக்கொத்து அண்ணன் அவர்களே! வாங்க வருவோர் இல்லாவிட்டாலும் வரவேற்புரை வாசிக்கத் தவறாத செயலாளர் அவர்களே! மந்தமான சந்தையிலும் மடிப்புக் கலையாத சட்டையோடு மேடையில் வீற்றிருக்கும் மூத்த தரகப் பெருமக்களே! முன்வரிசை முழுவதையும் நிரப்பியிருக்கும் தாய்மார்களே, உங்களைப் பற்றிப் பிறகு தனியாகவே பேசுகிறேன். பின்வரிசையில் வாசலைப் பார்த்து அமர்ந்திருக்கும் ஓட்டுநர் ஐயா அவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் தரகர் அல்ல, தரகரின் மனைவி. இன்று "மந்தம் வென்ற மன்னர்" என்ற கேடயத்தை வாங்கப் போகிறாரே, அதோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறாரே, அந்த மன்னரின் மனைவி. கிளம்பும்போதே கெஞ்சினார். "இங்க பாரு, நல்லதா நாலு வார்த்தை பேசிட்டு இறங்கிடு. வீட்டுல பேசுற மாதிரி அங்க பேசிடாத" என்றார். நாலு வார்த்தையா? நாலு வார்த்தையில் அடங்குகிற வாழ்வா தரகரின் வாழ்வு?

சற்று முன் தலைவர் முழங்கினார்: "சந்தை தூங்கவில்லை, கண்ணை மூடிச் சிந்திக்கிறது!" நீங்களும் கை தட்டினீர்கள். நான் கேட்கிறேன், இத்தனை நாளாகவா ஒரு சந்தை சிந்திக்கும்? அது சிந்தித்து முடிப்பதற்குள் எங்கள் வீட்டுக் கைபேசிக்குப் பேச்சே மறந்துவிடும் போலிருக்கிறது. மணி அடித்தால் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. எடுத்துப் பார்த்தால் இன்னொரு தரகர். "உங்க கையில வாங்குற பார்ட்டி யாராவது இருக்காங்களா?" என்று அவர் கேட்பார். "நானே அதைக் கேக்கத்தான் உங்களுக்குப் போன் பண்ண இருந்தேன்" என்று இவர் சொல்வார்.

விற்காத வீடுகளுக்கு இவர் செய்யும் பணிவிடையைச் சொல்லவா? காலையில் போய் ஜன்னல் திறப்பார். மாலையில் போய் விளக்குப் போடுவார், ஆள் இருக்கிற வீடு மாதிரி தெரிய வேண்டுமாம். ஊரார் வீட்டு அலமாரிக் கதவுக்கெல்லாம் எண்ணெய் விடுகிற இந்தக் கைகள், எங்கள் வாடகை வீட்டுக் குளியலறைக் கதவு அழுகிற அழுகையை மட்டும் இதுவரை கேட்டதில்லை. சிரிக்காதீர்கள் அண்ணிமார்களே, உங்கள் வீட்டுக் கதவும் அப்படித்தான் அழுகிறது என்று எனக்குத் தெரியும்!

சொல்வளமோ சொல்லி மாளாது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கும் அறைக்கு "அந்தரங்கமான அறை" என்று பெயர். பேருந்தே வராத தெருவுக்கு "இரைச்சலற்ற சூழல்". மழை ஒழுகினால்? "இயற்கையோடு இயைந்த இல்லம்!" இப்படி ஒரு கூட்டம் இருக்கும்போது தமிழ் வளராமல் எங்கே போகும்?

இவை எல்லாவற்றையும் மிஞ்சிய ஒரு வித்தை உண்டு. அதற்குக் "கூட்டம் காட்டுவது" என்று பெயர். ஒரு வீட்டைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்றால், அதே நேரத்துக்கு மற்ற தரகர்களும் அவர்களுடைய மாமியார், மைத்துனி, தங்கைமார்களும் வாங்க வந்தவர்களைப் போல் வந்து நிற்பார்கள். "ஐயோ, நல்ல வீடாச்சே, கை நழுவிடுமோ!" என்று வந்தவர் பதறி, பேரம் பேசாமல் முடித்துவிட வேண்டும். இன்று உன் வீட்டுக்கு நான், நாளை என் வீட்டுக்கு நீ. அடடா, என்ன அன்பு! என்ன அன்னியோன்னியம்! இந்த வகையில் இந்த ஊரில் என் அளவுக்கு வீடு பார்த்தவள் கிடையாது. மாடி வைத்தது, மதில் வைத்தது, மல்லிகைப் பந்தல் வைத்தது என எல்லாவற்றையும் விலை பேசிவிட்டு, வாடகை வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சோறு வடிப்பேன்.

என் கணவர் விற்றதாகச் சொல்லி இன்று கேடயம் கொடுக்கிறீர்களே, அந்த மாடி வீட்டுக்கு வருகிறேன். தையல்கார அக்காவின் வீடு அது. அவர் கணவர் காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். மூட்டு தேய்ந்துபோய், செங்குத்தான அந்தப் படிகளில் இறங்க முடியாமல் ஜன்னலோரம் முடங்கிப்போனார். ஊரையே சுற்றி வந்தவருக்குத் தெருவே எட்டாக்கனி ஆகிவிட்டது. இதை விற்றால்தான் கீழ்த்தளத்தில் ஒரு வீடு வாங்க முடியும். எங்களுக்கு அது ஒரு விற்பனை. அவருக்கோ, மறுபடியும் மண்ணில் கால் வைப்பது.

அன்று ஒரே ஒரு தம்பதி பார்க்க வருவதாக இருந்தது. போதாதா? நம் படை புறப்பட்டுவிட்டது! தலைவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தொழிலதிபராக வந்தார். செயலாளரின் மாமியார் பேரனுக்கு வீடு தேடி வந்தார். பேரன் பிறந்தானா என்று கேட்காதீர்கள், அவர் மகனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. நான் பட்டுப்புடவையில் பணக்கார அண்ணி. வீடு கொள்ளவில்லை. நடிப்பு முற்றிப்போய்த் தலைவர் என்னோடு மல்லுக்கு நின்றார். "நான்தாம்மா முதல்ல கேட்டேன்!" என்று அவர் உறும, "ரொக்கம் நான்தான் தர்றேன்!" என்று நான் சீற, செயலாளரின் மாமியார் நிஜமாகவே பயந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, தையல்கார அக்காவைப் பார்க்கும்வரை. அவர் இதை நம்பிவிட்டார். அத்தனை பேருக்கும் தேநீர் போட்டார். கோப்பை போதாமல் தண்ணீர்க் குவளையிலும் ஊற்றித் தந்தார். உள்ளே போய்த் தம் கணவரிடம் சொன்னார்: "எவ்வளவு பேர் வந்திருக்காங்க பாருங்க. இன்னைக்கு முடிஞ்சிடும்ங்க. இனி கீழ இறங்கிடலாம்." அவருக்குச் சட்டையும் மாட்டிவிட்டு, வெகுநாளாய்ப் போடாத காலணியையும் போட்டுவிட்டிருந்தார். ஜன்னலோரம் காலணியோடு உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அவர்தான் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, நர்ஸ் உடுப்புல ஒரு பொண்ணும் அவ வீட்டுக்காரரும் படியேறி வந்தாங்க. வாசல்ல கிடக்கிற செருப்பைப் பார்த்துட்டு, 'இத்தனை பேரா? நமக்கெங்க கிடைக்கப் போகுது, வா'ன்னு திரும்பிப் போறாங்க பாரு" என்றார்.

கேட்டீர்களா பெருமக்களே? வந்தது ஒரே ஒரு தம்பதி. அவர்களை அவசரப்படுத்தக் கூட்டிய கூட்டமே அவர்களை விரட்டிவிட்டது! உள்ளே நாம் வாங்கப் போகாத வீட்டுக்காக அடித்துக்கொண்டோம். உண்மையாய் வாங்க வந்தவர்கள் படியிறங்கிப் போனார்கள்.

ஓடினேன். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கால் நுழைந்த செருப்பில் ஓடினேன். ஒன்று என்னுடையது, மற்றொன்று, தலைவர் அவர்களே, அன்றைக்கு உங்கள் இடது செருப்பைத் தேடினீர்களே, அது இருந்த இடம் என் கால். பேருந்து நிறுத்தத்தில் அவர்களைப் பிடித்தேன். மூச்சு வாங்கச் சொன்னேன்: "போகாதீங்கம்மா! உள்ள இருக்கிறவங்க ஒருத்தரும் வாங்க வரல. எல்லாம் தரகருங்களும் அவங்க வீட்டு ஆளுங்களும்தான். நானும்தான்."

அந்தப் பெண் என் கால்களைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "சரிக்கா, வீட்டுல என்ன குறைன்னு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "படி ரொம்ப செங்குத்து. பின் அறைச் சுவர்ல மழைக்கு ஈரம் காட்டும். மத்தியானம் தண்ணி நூல் மாதிரிதான் வரும். வெளிச்சம் மட்டும் உண்மையாவே நல்லா இருக்கும்."

"இதுவரைக்கும் பார்த்த எந்த வீட்டுலயும் யாரும் ஒரு குறைகூடச் சொல்லலக்கா. அதனாலதான் எதையும் நம்ப முடியல" என்றாள். திரும்பி வந்தார்கள். ஈரத்துக்கு ஒரு விலை குறைத்தார்கள். நியாயம்தானே? முடிந்தது. இன்று ஓட்டுநர் ஐயா தம் கீழ்த்தள வீட்டிலிருந்து கைத்தடியோடு தாமே நடந்து வந்து அதோ உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளர் துண்டுச் சீட்டு அனுப்புகிறார், "நேரமாகிவிட்டது" என்று. சந்தை இவ்வளவு நேரம் சிந்திக்கலாம், நான் கொஞ்ச நேரம் பேசக் கூடாதா?

இப்போது சங்கம் இன்று நிறைவேற்றப் போகும் தீர்மானத்துக்கு வருகிறேன். கூட்டம் காட்டியதால்தான் அந்த வீடு விற்றதாம்! ஆகவே இனி ஒவ்வொரு வீட்டுக்கும் கூட்டம் காட்டுவது உறுப்பினர்களின் கட்டாயக் கடமையாம்! வீடு தேடி அலைகிறவர் பயப்படட்டும் என்பதா நம் தொழில்? விற்க முடியாமல் தவிப்பவரை நம்ப வைத்து ஏமாற்றுவதா நம் தொழில்? தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். இல்லையென்றால் அந்தக் கேடயம் எங்கள் வீட்டுக்குள் வராது. வந்தால், அழுகிற குளியலறைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் பயன்படும். என்னங்க, சம்மதமா? தலையாட்டிவிட்டார்! எல்லோரும் பார்த்தீர்கள் அல்லவா?

என்ன ஓட்டுநர் ஐயா, கையைக் காட்டுகிறீர்கள்? வாசலிலா? ஆமாம், ஒரு குடும்பம் நிற்கிறது. வீடு தேடுவோர் வரலாம் என்று நாம்தானே ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினோம்! வெளியே கிடக்கிற செருப்பைப் பார்க்கிறார்கள். நிறைந்த நாற்காலிகளைப் பார்க்கிறார்கள். ஐயோ, திரும்புகிறார்கள்!

அம்மா! போகாதீங்கம்மா! இடம் இருக்கு!

முன்வரிசைத் தாய்மார்களே, இப்போது உங்கள் முறை. செயலாளரின் மாமியாரே, தலைவரின் தங்கையே, நாற்காலி நிரப்ப வந்த என் நாத்தனாரே, எழுந்திருங்கள். உம், எல்லோரும். பாருங்கள் தலைவர் அவர்களே, மண்டபத்தில் எவ்வளவு இடம்! இதுதான் நம் சந்தை. இதை மறைத்து இனி ஒரு வீடும் விற்க வேண்டாம்.

எழுந்து நின்ற உங்கள் அனைவருக்கும் என் நன்றி. உள்ளே வரும் உங்களுக்கு என் வணக்கம். வாங்க, முன்னாடியே வந்து உட்காருங்க. சொல்லுங்கம்மா, எப்படிப்பட்ட வீடு தேடுறீங்க?