அறுவை அரங்கில் அணைந்த விளக்கு

தலைமை நாற்காலிக்குத் தனிப்பெருமை சேர்க்கும் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே! கத்தி பிடித்த கையிலும் கனிவு குறையாத அறுவை மருத்துவர் ஐயா அவர்களே! சான்றோர்களே! தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் என் வீட்டுக்காரம்மா அவர்களே! இந்த மருத்துவமனையின் எலக்ட்ரீசியன் எல்லோரையும் வணங்குகிறேன்.

புதிய அறுவை அரங்கின் திறப்பு விழாவில் இவனுக்கென்ன பேச்சு என்கிறீர்களா? மைக்கைச் சரிபார்க்க ஏறியவன் இறங்க மறுக்கிறான் என்று நினைக்கிறீர்களா? இல்லை ஐயா, அழைத்துத்தான் ஏற்றியிருக்கிறார்கள்!

என் மனைவியின் இரைப்பையில் ஒரு கட்டி. அதுவும் எங்கே? உணவுக்குழாய் வந்து சேரும் வாசலருகே! அறுவை மருத்துவர் என்னை உட்கார வைத்துச் சொன்னார்:

"சின்னச் சின்னத் துளை போட்டே எடுத்துடலாம். ஆனா கட்டி உள்பக்கம் இருக்கு, வெளியிலேர்ந்து பாத்தா எல்லை தெரியாது. கூட வெட்டினா வாசல் சுருங்கிடும். கம்மியா வெட்டினா கட்டி மிஞ்சிடும். சரிவரலேன்னா இரைப்பையையே எடுக்க வேண்டி வரலாம்."

இரைப்பையையே! வாய்க்கு ருசியாகச் சாப்பிடுவதைத் தவிர வேறு ஆசையே இல்லாதவள் அவள். நீங்கள் சிரிக்கிறீர்கள், அங்கே அவள் முறைக்கிறாள்! அவளிடம் இதை எந்த வாயால் சொல்வேன்?

அறுவை நாள் வந்தது. அரங்கின் கதவில் ஒரு வட்டக் கண்ணாடி. வெளியே நான் நிற்கிறேன். திடீரென்று உள்ளே இருட்டு! கட்டியவள் வயிற்றுக்குள் கருவி இருக்கையில் கரண்ட் போனால் கட்டியவன் சும்மா இருப்பானா? அதிலும் எலக்ட்ரீசியன்! ஜெனரேட்டர் அறைக்குப் பறந்தேன். தலைக்கு மேலே வராந்தா விளக்கெல்லாம் ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. அது என் கண்ணில் பட்டால்தானே! செவிலியர் ஓடிவந்து மறித்தார்.

"அண்ணே, எங்க ஓடுறீங்க? கரண்ட் போகல. டாக்டர்தான் லைட்டை அணைக்கச் சொன்னாரு. வந்து கண்ணாடி வழியா பாருங்க."

பார்த்தேன். பெரியோர்களே, பார்த்தேன்! வாய்வழியே விளக்குக் குழாயை இறக்கியிருந்தார் ஒரு மருத்துவர். தொப்புள்வழியே காமிராவை இறக்கி, அதன் ஒளியையும் தணித்திருந்தார் இன்னொருவர். திரையிலே என் மனைவியின் இரைப்பை உள்ளிருந்து ஒளிர்ந்தது! செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது! அந்த ஒளியில் ஒரு கருநிழல். அதுதான் கட்டி! நிழலுக்கும் வாசலுக்கும் நடுவே வெட்டுவதற்கு இடமிருந்தது! எத்தனை தெருவுக்கு விளக்குப் போட்டவன் நான்! இப்படியொரு விளக்கைக் கண்டதுண்டா? கண்டதில்லை ஐயா, கண்டதே இல்லை!

நிழலைச் சுற்றிப் புள்ளி வைத்தார்கள். புள்ளி பிசகாமல் வெட்டினார்கள். கட்டியைப் பிடிக்கவில்லை, இழுக்கவில்லை, நசுக்கவில்லை. உடைந்தால் வயிறெல்லாம் பரவிவிடுமாம். சிறு பைக்குள் இட்டு, பையின் வாயை இறுக்கி, தொப்புள்வழியே எடுத்தார்கள். வெட்டிய இடத்தை உள்ளேயே தைத்தார்கள். இரைப்பை தப்பியது!

பொறுங்கள், கைதட்டலை மிச்சம் வையுங்கள். கண்விழித்தவளிடம் இதையெல்லாம் உருகி உருகிச் சொன்னேன். அம்மணி என்ன சொன்னாள் தெரியுமா?

"அடுப்படி பல்பை மாத்துங்க மாத்துங்கன்னு எத்தனை நாளா கத்துறேன். அதை விட்டுட்டு என் வயித்துக்குள்ள லைட் எரியுறதை வேடிக்கை பாத்தீங்களாக்கும்!"

இப்போது தட்டுங்கள், அவளுக்காக! அவள் வீடு திரும்புமுன் பல்பை மாற்றினேன். மெல்ல மெல்லத் தேறி, ஒருநாள் அதன் கீழே அமர்ந்து நான் சமைத்ததை ஒரு வாய் உண்டாள். "உப்பு கம்மி" என்றாள். விம்மி விம்மி அழுதேன்!

புதிய அரங்கின் விளக்குகளைப் பொருத்தியவன் நான். அவை அணையும்போது, வெளியே நிற்பவர்களே, என்னைப்போல் ஓடாதீர்கள். உள்ளே உங்கள் வீட்டு விளக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்! அந்தக் கைகளுக்கு நன்றி. செவிகொடுத்த உங்களுக்கு வணக்கம்.