புகை நின்ற காலை

மேடம், துணி காயப்போடுகிற நேரத்தில் வாசலில் புகை கிளம்பினால் யாருக்குமே கோபம் வரும். மாடிவீட்டு ஜெயஸ்ரீ சண்டை போட்டதில் தப்பே இல்லை. கோட்டூர்புரத்தில் எங்கள் தெரு குறுகல். என் மகள் கயல் அவளுடைய டர்ட் பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்தால், புகை நேராக மேலே போய் அவர்கள் கொடியில் உட்கார்ந்துவிடும். "எஞ்சின்லயே வேலை பாத்தவர் நீங்க. இதை என்னன்னு பாக்கக் கூடாதா சார்?" என்றார். நியாயமான கேள்வி. அதனால்தான் பார்த்தேன்.

கிண்டியில் ஒரு கம்பெனியில் எஞ்சின் டெஸ்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் மனைவி சண்முகவடிவு இறந்துபோன பிறகு வீட்டில் நானும் கயலும்தான். காலேஜ் முடித்தவள், மேட்டிலும் பள்ளத்திலும் தாவுகிற இந்த ரேஸில் இறங்கிவிட்டாள். நான் தடுக்கவில்லை. அந்த வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கிக் கொடுத்ததே நான்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புகை நீலமாக வந்தது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். காலையில் லேசாக வெள்ளை வந்தால் வெறும் ஈரம். நீலம் என்றால் எஞ்சின் தன் ஆயிலைத் தானே எரிக்கிறது. ஆனால் ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். முதலில் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா என்று பார்த்தேன். இல்லை. ராத்திரி முழுக்க நின்ற வண்டி, ஸ்டார்ட் ஆனதும் ஒரு தடவை புகைத்துவிட்டு நின்றால் அது வால்வு சீல், சின்ன வேலை. இது அப்படி நிற்கவில்லை. ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடியது. பிளக்கைக் கழற்றினேன், எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தது. கம்ப்ரெஷன் கேஜை வைத்துப் பார்த்தேன், உள்ளே அழுத்தம் குறைவு. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன், முள் ஏறியது. பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. சந்தேகத்துக்கே இடமில்லை. இப்படியே விட்டால், ஆயில் தீர்ந்து ஓடும்போதே எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

கயல் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "என்னப்பா?" என்றாள்.

"வால்வு சீல். பழைய வண்டில அப்படித்தான் இருக்கும். ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். அதற்கு டில்லிபாபுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிண்டியில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை செய்பவன். முன்பு இங்கே ஆற்றோரத்தில் இருந்த குடும்பம்; இப்போது பெரும்பாக்கத்தில் குடியிருப்பு. கயலின் வண்டியை அவன்தான் கவனித்துக்கொண்டான். அவனோடு போனில் பேசும்போது இவள் பால்கனிக்குப் போய்விடுவாள். வீட்டுக்குள் பேச முடியாத அளவுக்கு என்ன பேச்சு என்று எந்த அப்பாவுக்கும் தோன்றும். அவன் கடைக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரும்பாக்கம் வரை பின்னாலேயே போனேன். அவன் மனைவி தேவானை தட்டு வைத்துப் பரிமாற, கயல் அந்த வீட்டுப் பெண்ணைப் போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகும் என் சந்தேகம் தீரவில்லை. அதிகமானது. என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்துச் சாப்பிட்டு நாளாகியிருந்தது.

கேஜ் வைத்துப் பார்ப்பதற்குச் சில நாள் முன்னால்தான் பால்கனிப் பேச்சின் விஷயம் தெரிந்தது. கோயம்புத்தூரில் ஒரு ரேஸ் டீம் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அங்கேயே தங்க வேண்டும். டில்லிபாபுவுக்குத் தெரியும், தேவானைக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. "அப்பா தாங்க மாட்டாரு, கடைசில சொல்லிக்கலாம்" என்று அவள் போனில் சொன்னதை நானே கேட்டேன்.

நான் சத்தம் போடவில்லை. எனக்குக் கோபம் வருவது குறைவு.

டில்லிபாபு ஒருநாள் வந்து வண்டியை முறுக்கிப் பார்த்தான். "எனக்கு இன்னாமோ டவுட்டா கீது சார். பொகை வந்துகினே கீதே. ஒரு தபா கயட்டிப் பாத்துடலாமா?" என்றான். நான் அனுபவத்தைச் சொல்லி அவனை அடக்கினேன். இனிமேல் வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன், நீ வீட்டுக்கு வர வேண்டாம் என்றேன். அவன் ஆயிலை மட்டும் தினமும் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனான். பார்த்தேன். தினமும் குறைந்துகொண்டு வந்தது. நான் ஊற்றவில்லை.

ஆனால் அது மெதுவாகக் குறைந்தது. கோயம்புத்தூர் நாள் நெருங்கிவிட்டது. பிராக்டீஸுக்குப் போக வேண்டிய காலையில், அவள் குளிக்கப் போன நேரம் எஞ்சின் அடியில் ஆயில் வடிக்கிற டிரெய்ன் போல்ட்டைத் திருகி, இருந்த ஆயிலை ஒரு பெயிண்ட் டப்பாவில் இறக்கினேன். முழுவதும் இல்லை. வாசலிலேயே வண்டி நின்றுவிட்டால் பிரயோஜனமில்லை.

எரிப்பதற்குப் போதிய ஆயில் இல்லாவிட்டால் புகையும் வராது. கயல் உதைத்து ஸ்டார்ட் செய்தாள். சைலன்சர் சுத்தமாக இருந்தது. "புகையே வரல, பாத்தியாப்பா" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாடியிலிருந்து ஜெயஸ்ரீ கூடச் சிரித்தார். "ஆயில் பாத்துட்டியா?" என்று கயல் கேட்டாள். பார்த்துவிட்டேன் என்றேன். அது பொய் இல்லை.

லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றி, ஈ.சி.ஆர். பக்கம் இருக்கிற டிராக்குக்குப் போனோம். நான் வேலி ஓரம் நின்றேன். ஒரு கணுக்கால், இல்லாவிட்டால் மணிக்கட்டு உடையும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். சில மாதம் கட்டுப் போட்டால் அந்த டீம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் வறண்டது. உலோகம் உலோகத்தை உரசுகிற அந்தச் சத்தத்தை வேலை நாளெல்லாம் கேட்டவன் நான். அவள் அடுத்த மேட்டுக்குத் திரும்பும்போது என்னைப் பார்த்தாள். கையை ஆட்டி நிறுத்தியிருக்கலாம். ஆட்டவில்லை. மேட்டிலிருந்து இறங்கும்போது எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் பூட்டிக்கொள்ள, அவள் தூக்கி எறியப்பட்டு முதுகு அடிபட விழுந்தாள்.

இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்று டாக்டர் சொன்னார். நான் அழுதேன். நடிப்பு என்று நினைக்காதீர்கள்.

டில்லிபாபு அந்த டிரெய்ன் போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டிருப்பான் என்று நான்தான் புகார் கொடுத்தேன். அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் வைத்திருந்தார்கள். அடித்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு அமைதியாக இருந்தது, மேடம். காலையில் அவள் முகம் துடைத்து, தலை பின்னி, இட்லி ஊட்டிவிடுவேன். பால்கனிக்குப் போக வேண்டும் என்றால்கூட என்னைத்தான் கூப்பிட வேண்டும். பிசியோதெரபிக்கு சாய்நாத் என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவள் கால் கட்டைவிரல் அசைந்தது. பயிற்சியை விடாமல் செய்தால் ஊன்றுகோலோடு நிற்கலாம் என்று அவர் சந்தோஷமாகச் சொன்னார். அவளுக்கு விருப்பமில்லை, இனி வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவளிடம், அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார் என்றேன்.

அவர் அவளுக்கே போன் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதைக் கேட்டதும் அவளுக்கு வண்டி விஷயத்திலும் என்மேல் சந்தேகம் வந்திருக்கிறது.

நான் மயிலாப்பூருக்கு மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், டில்லிபாபுவை வரவழைத்து ஷெட்டில் கிடந்த எஞ்சினைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தபோது தேய்ந்த ரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டில்லிபாபு சுவரோரம் நின்றான்.

"அன்னிக்கு கேஜ் வச்சுப் பாத்தப்பவே உனக்குத் தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்" என்றேன். அவளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"சாய்நாத் சாரையும் நீதான் அனுப்பினியா?"

"ஆமா."

அவள் அழவில்லை. ரிங்கை மடியில் வைத்துவிட்டு, உங்கள் ஸ்டேஷன் நம்பரைப் போட்டாள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள். டில்லிபாபு அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தபோது, தோளைப் பிடிக்க வேண்டிய முறையை அவனுக்குச் சொல்லப் போனேன். நகருங்க சார் என்று மட்டும் சொன்னான்.

ஆயிலை இறக்கியது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. அந்த டப்பா ஷெட்டில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், முதுகில் புண் வந்துவிடும். நான் இல்லாமல் அவளால் முடியாது, மேடம். அதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்.