எல்லாமே வலது கால்

— கழியை நிறுத்துங்க பக்கிரிண்ணே. படகு ஆடினா லென்ஸ் நிக்காது.

— நின்னு மட்டும் என்னத்தப் பாக்கப் போறீங்க கவிப்ரியா மேடம்? விடிஞ்சதுலேர்ந்து கொள்ளிடத்தை மூணு சுத்து சுத்தியாச்சு. திரும்பிடுவோமே.

— சிறுத்தையைப் பாத்தேன்னு ஊரைக் கூட்டினது நீங்க. அதனாலதான் ஃபாரஸ்ட்ல உங்க படகையே பிடிச்சுக்கச் சொன்னாங்க. இப்ப திரும்பலாம்னு பறக்குறதும் நீங்கதான்.

— பயந்தான் மேடம்.

— பயந்த ஆள் மாதிரி தெரியலையே. நீங்க காட்டின காலடிப் படத்தை ஆபீஸ்ல பாத்தேன். பதினோரு தடம். எல்லாமே வலது முன்னங்கால்.

— அதெல்லாம் எனக்கென்ன தெரியும்?

— பன்னண்டு வருஷமா முதுமலையில சிறுத்தையைப் படம் எடுக்குறேண்ணே. நாலு காலும் வலதா இருக்கிற ஒண்ணை நான் இன்னும் பாக்கல.

— மெதுவாப் பேசுங்க. தண்ணியில குரல் தூரமாப் போவும்.

— கேக்க யாரு இருக்கா? ஊரே ஒரு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல.

— அதுக்குத்தான் மேடம் செஞ்சேன். ஆத்து நடுவுல அந்தத் திட்டுல ஒரு மா நிலத்துல வெள்ளரி போட்டிருக்கேன். போன வருஷம் திருட்டுப் பயலுவ ஒரு பிஞ்சு விடாம அறுத்துட்டுப் போயிட்டானுவ. இந்த வருஷமும் போச்சுன்னா திருப்பூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அதான், கட்டையில ஒரு கால் செதுக்கினேன். இடது ஒண்ணு வேணும்னு இந்த மண்டைக்கு எட்டல.

— நாளைக்கு நான் எழுதிக் கொடுக்கணும். சிறுத்தை இருக்கா, இல்லையான்னு.

— இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க. பத்து நாள் விடுங்க, பறிப்பு முடிஞ்சிடும். உங்க கால்ல வேணாலும் விழுறேன்.

— இருங்க. அந்த நாணல் அசையுது.

— காத்து.

— காத்துன்னா எல்லாம் சாயும். இது ஒரு கோடா ஒதுங்குது.

— நரியா இருக்கும். இங்க நரி உண்டு மேடம்.

— நரி இல்ல. எடுத்துட்டேன், ஸ்கிரீனைப் பாருங்க.

— விளையாடாதீங்க. இது உங்க முதுமலைப் படம்.

— இப்ப எடுத்ததுண்ணே. பின்னாடி நீல டிரம் தெரியுது பாருங்க.

— என் டிரம்தான். தண்ணி ஊத்த வச்சது.

— ஆத்தைப் பிடிச்சே இறங்கி வந்திருக்கும். நல்லவேளை, உங்க பொய்யால திட்டுல ஆள் நடமாட்டம் இல்ல. எதைப் பாக்குது அது? காவல் கொட்டாயவா? அண்ணே, ஏன் திட்டுப் பக்கமாத் தள்ளுறீங்க? மெதுவா. சத்தம் கேட்டா மிரளும்.

— மிரளட்டும்.

— கொட்டாயையே பாக்குறீங்க. யாருக்காவது போன் போடணுமா?

— வேணாம். போன் மட்டும் போட்டுடாதீங்க. கொட்டாய்க்குள்ள பேச்சு சரியாக் கேக்காது. போன் அடிச்சா வெளியில வந்துதான் பேசுவா.

— யாருண்ணே?

— மலர்க்கொடி. என் பொண்டாட்டி. ஊரு பயந்ததைப் பாத்துட்டு அவளும் காவலுக்கு வர மாட்டேன்னா மேடம். அதான், அவ ஒருத்திகிட்ட மட்டும் உண்மையைச் சொன்னேன், சிறுத்தையெல்லாம் கிடையாதுன்னு.