செத்த கணு

இந்த மேசை தேக்கு இல்லை, மேடம். மேலே தேக்கு மாதிரி ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள். உள்ளே மரத்தூளைப் பிசைந்து அழுத்திய பலகை. உங்கள் முழங்கைப் பக்கம் ஓரம் உப்பியிருக்கிறது, பாருங்கள். எப்போதோ யாரோ தண்ணீர் கொட்டியிருக்கிறார்கள். குறை சொல்லவில்லை. எங்கே போனாலும் என் கண் முதலில் மரத்தின் மேல்தான் போகும். மனிதர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சம், அதனால் வந்த பழக்கம்.

வாயால் சொல்வதை எழுதித் தரலாம் என்றீர்களே, அது பெரிய உதவி. எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டதே வாயைத் திறக்க முடியாமல்தான். டீச்சர் பெயரைக் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ என்று சொல்ல வராது. முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டே வருஷம் முழுக்க வராதவளாக இருந்த ஒரே பிள்ளை நான்தான். இதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. இரண்டு மாதமாகவே எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வருகிறது, மேடம். கால் தரையில் பாவமாட்டேன் என்கிறது.

அப்பா அம்மா போன பிறகு அக்காவையும் என்னையும் வளர்த்தது சித்தப்பா. அவருடைய தச்சுப் பட்டறையில் என் வேலை பலகை பார்ப்பது. எது நிற்கும், எது வளையும், எது வெடிக்கும் என்று தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்றால் வாயால் இல்லை. பென்சிலால் குறி போடுவேன். வேலையாட்கள் என்னை ஊமை என்பார்கள், சித்தப்பாவை ரம்பம் என்பார்கள். இரண்டுமே பாசத்தில் சொல்வதுதான்.

தேனீக்காரர் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறு தேன்பெட்டி வேண்டும் என்று வந்தார். பழைய பெட்டிகள் ஒட்டுப்பலகையாம். ஒரே மழையில் ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டதாம்.

“சரக்கு வந்த பெட்டியை உடைச்ச பலகை கிடக்கு. பூச்சி கிட்டயே வராது. உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்” என்றார் சித்தப்பா.

பூச்சி கிட்டே வராததற்குக் காரணம் அதில் ஏற்றியிருந்த மருந்து. பூச்சியைக் கொல்லும் பலகையில் பூச்சிகளைக் குடிவைக்கப் பார்த்தார் சித்தப்பா.

“செத்துப் போயிடும்” என்றது ஒரு குரல். அது என் குரல்தான் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

மேஸ்திரி இழைப்புளியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். “அட, நம்ம ஊமைக்கு வாய் வந்துடுச்சு. வெளியில காயுற பலகையெல்லாம் உள்ள எடுத்து வைங்கப்பா, மழை கொட்டப் போகுது.”

எல்லாரும் சிரித்தார்கள். தேனீக்காரர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “அப்ப எந்த மரம் போடலாம்? நீங்க சொல்லுங்க” என்றார்.

நீங்க என்றார், மேடம். பத்தொன்பது வயது வரைக்கும் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எது வேண்டும் என்று கேட்டதும் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்பதை எப்போதும் அக்காதான் சொல்வாள். சரியாகத்தான் சொல்வாள், அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் தேக்கைக் காட்டினேன். மழையோ வெயிலோ அசையாது. அவர் ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையசைத்தார். “தேன் நிறைஞ்ச பெட்டியைத் தூக்கணும். இதுல செஞ்சா என் இடுப்பு போயிடும். அதோட இவ்வளவு அகலப் பலகைன்னா பழைய காட்டு மரமாத்தான் இருக்கும். என் தேனீ அந்தக் காட்டுப் பூவை நம்பித்தான் பிழைக்குது. அதுங்க சோத்துப்பானையை உடைச்சு அதுங்களுக்கே வீடு கட்டித் தர்றதா?”

அதற்குப் பிறகு பைன் காட்டினேன். நட்டு வளர்த்த தோப்பிலிருந்து வருவது. ஒன்றை வெட்டினால் இரண்டு நடுகிறார்கள். எடை குறைவு, தேனீக்குப் பிடிக்காத வாடை கிடையாது, உள்பக்கம் ஒன்றும் பூசாமல் வெளியே மட்டும் ஆளிவிதை எண்ணெய் தேய்த்து, அடியில் கல் வைத்துத் தூக்கி நிறுத்தினால் இருபது வருஷம் தாராளமாக நிற்கும். ஒரே குறை, கணு. நட்ட மரம் அவசரமாக வளர்கிறது, கிளை அதிகம். ஒவ்வொரு கிளையும் பலகையில் ஒரு கண்ணை விட்டுவிட்டுப் போகிறது.

கணுவில் இரண்டு வகை. உயிரோடு இருந்த கிளையின் கணு மரத்தோடு மரமாகப் பின்னிக்கொண்டிருக்கும், ஆணியே இறங்காது. செத்த கிளையின் கணு அப்படி இல்லை. சுற்றிலும் மையிட்டது போல ஒரு கறுப்பு வளையம் இருக்கும். பலகை காயக் காயச் சுருங்கி, ஆடும் பல் மாதிரி ஆகி, ஒருநாள் விழுந்துவிடும். விழுந்த இடத்தில் கட்டைவிரல் போகும் அளவுக்கு ஓட்டை. உயிர்க்கணுவுக்கு நான் வட்டம் போடுவேன். செத்த கணுவுக்குப் பெருக்கல் குறி; அந்தத் துண்டை நானே வெட்டி எறிந்துவிடுவேன்.

இவ்வளவையும் அவரிடம் வாயால் சொன்னேன். ஒரே மூச்சில். அவர் குனிந்து பலகையில் காதை வைத்துக் கேட்டார், நான் தட்டிக் காட்டினேன். “மர டாக்டர்னு போர்டு மாட்டிக்குங்க” என்றார். அன்று வீட்டுக்கு நடந்து போகையில் இரண்டு முறை வழி தவறினேன். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு தெருதான்.

அவர் எட்டு முறை வந்தார். ஆறு பெட்டிக்கு எட்டு முறை வரத் தேவையில்லை என்று நான் கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். மூன்றாவது முறையிலிருந்து அக்கா டீ கொண்டுவர ஆரம்பித்திருந்தாள், அதைத்தான் நான் சேர்க்கவில்லை. அக்கா பேசினால் சுவரும் ‘உம்’ கொட்டும். ஒன்பதாவது முறை அவர் சித்தப்பாவிடம் பெண் கேட்டார். என்னை இல்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. மரம் பார்க்கிறவர்களுக்குக் கோபம் ஒத்துவராது. ஈரம் காயும்வரை காத்திருந்து பழகியவர்கள் நாங்கள். வருத்தம் வேறு ஒன்றில்தான்.

அக்காவுக்குப் பத்து வயதில் கழுத்தில் ஒரு தேனீ கொட்டியது. உதடு வீங்கி மூச்சு அடைத்துப் பிழைத்ததே பெரிய காரியம். அடுத்த முறை இன்னும் மோசமாக இருக்கும், எங்கே போனாலும் இந்த ஊசி கூடவே இருக்க வேண்டும் என்று டாக்டர் பேனா மாதிரி ஒன்றைக் கொடுத்தார். காலாவதி தேதி பார்த்து அதை மாற்றி மாற்றி வைப்பது நான்தான்.

“அவர்கிட்ட சொல்லிடாதடி” என்றாள் அக்கா.

“சொல்லாம எப்படிக்கா? அவர் தொழிலே அது.”

“அதனாலதான். தேனீயா நானான்னு அவர் மண்டையைப் பிச்சுக்கணுமா? நான் பெட்டி பக்கமே தலைவச்சுப் படுக்கமாட்டேன். ஊசிதான் இருக்கே.”

“ஒருநாள் தெரிஞ்சுடும்.”

“தெரியறப்ப ரெண்டு பிள்ளை பெத்திருப்பேன். அதுக்கப்புறம் எங்க விடுறது? போடி, சத்தியம் பண்ணு.”

சத்தியம் பண்ணினேன். அதை இன்றுவரை மீறவில்லை. வேண்டுமானால் அவரையே கேட்டுப் பாருங்கள், நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய்யை உள்ளே வைத்துக் குடித்தனம் கட்டுவது செத்த கணுவோடு பெட்டி செய்வது மாதிரி. என்றைக்காவது விழத்தான் போகிறது. எவ்வளவு சீக்கிரம் விழுகிறதோ அவருக்கு அவ்வளவு நல்லது. நான் சொல்லக் கூடாது. சரி, பலகை சொல்லட்டும்.

அப்படி நினைத்ததும் மனசு பஞ்சாகிவிட்டது. ஆறாவது பெட்டிக்குப் பலகை பார்த்தபோது பாட்டே வந்தது. “என்னம்மா, அக்காவுக்குக் கல்யாணம், நீ பறக்குறே” என்றார் மேஸ்திரி. உண்மையில் பறந்தேன். அழகான பலகை, நடுவில் ஒரு செத்த கணு, பத்துப் பைசா அளவு. அதை வெட்டாமல் விட்டேன். மேஸ்திரி நான் கொடுத்ததைக் கேள்வி கேட்கமாட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே அவர் தேனீக்களைக் கொண்டுவந்து, பட்டறைக்குப் பின்னாலிருந்த காலி மனையில் புதுப் பெட்டிகளுக்கு மாற்றினார். அக்கா தலைவலி என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே இருந்தாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் வேனில் அவர் ஊருக்குக் கிளம்ப வேண்டும். விடிகிறபோதே பெட்டி வாசல்களை வலையால் அடைத்தார். அந்தத் தைரியத்தில்தான் அக்காவும் அதே வேனில் ஏறச் சம்மதித்தாள். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும், சூடானால் தேனீக்கள் ஆத்திரப்படும் என்றார்.

“சாப்பிட்டுட்டுப் போங்க” என்றேன். “நானே சமைக்கிறேன்.”

அக்கா கண்ணை அகல விரித்தாள். “இவ அடுப்பு பக்கம் போய் நான் பார்த்ததில்ல. இதுக்காகவே இருந்து சாப்பிடணும். உயிரோட மிஞ்சினா கிளம்புவோம்.”

சமையல் முடிய மதியம் ஆகிவிட்டது. வேன் முற்றத்து வெயிலில் நின்றது. பெட்டிகளை ஏற்றியது நானும் மேஸ்திரியும். ஆறாவது பெட்டியை முன் இருக்கைக்குப் பின்னால் கடைசியாக நானே தள்ளி வைத்தேன், கணு முன்பக்கம் பார்க்கும்படி. நடுவில் தடுப்புக் கிடையாது. கத்தி நுனியால் கறுப்பு வளையத்தைச் சுற்றிக் கீறினேன். கணு கையோடு வந்தது. ஒரு தேனீயும் வெளியே வருவதற்குள் கொஞ்சம் மெழுகு தடவித் திரும்பப் பொருத்தினேன். வெயிலில் மெழுகு இளகும், மேடு பள்ளத்தில் பெட்டி குலுங்கும். மீதியைத் தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். ரொம்பப் புத்திசாலிகள்.

அக்கா ஏறுவதற்கு முன்னால் என் காதில், “அது வெச்சியாடி?” என்று கேட்டாள். அவள் பையை அடுக்கியது நான்.

“வெச்சேன்கா.”

பிறகு நடந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரண்டாவது வளைவு தாண்டியதும் பின்னால் இரைச்சல். வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறப்பதற்குள் அவருக்கே நாற்பது கொட்டு. அக்காவுக்கு ஐந்தோ ஆறோதான். பயத்தில் மூச்சு வாங்குகிறாள் என்று அவர் நினைத்திருக்கிறார். அவள் பையைக் கவிழ்த்துக் கொட்டி எதையோ தேடினாளாம். “என்ன தேடுறே, என்ன வேணும், சொல்லு” என்று இவர் கேட்கக் கேட்க, அவளால் சொல்ல முடியவில்லையாம். வாழ்நாளில் முதல் முறையாக அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

விபத்து என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அன்று எத்தனை தேனீக்கள் செத்தன என்று ஒருவரும் எண்ணவில்லை. கொட்டிய தேனீ பிழைக்காது, மேடம். அதற்கு மட்டும் இரண்டு நாள் அழுதேன்.

அதன் பிறகு அவர் வாரா வாரம் பட்டறைக்கு வந்தார். மரத்தூளில் உட்கார்ந்து அழுவார். நான் தண்ணீர் கொடுப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். எனக்கு அவ்வளவு பேச்சு இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். தோப்பு மரம் பற்றி, எண்ணெய் பற்றி, பூக்காலத்துக்குத் தக்கபடி பெட்டியை இடம் மாற்றுவது பற்றி. வாரத்தில் ஆறு நாள் அந்த ஏழாம் நாளின் நினைப்பிலேயே தலை கிறுகிறுவென்று சுற்றும்.

ஒருநாள் அவர் ஆறாவது பெட்டியைக் கழுவ எடுத்திருக்கிறார். உட்சுவரில் தேனீக்கள் பூசியிருந்த பிசினைச் சுரண்டியபோது, ஓட்டைக்கு மேல் பென்சிலில் பெருக்கல் குறி. அந்தக் குறி யாருடையது, என்ன அர்த்தம் என்று அவருக்கு நானே சொல்லிக்கொடுத்திருந்தேன். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் கொண்டுவந்துவிட்டார்.

ஏன் அதை அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். வெட்டாமல் விடுவது வேறு. செத்த கணுவுக்கு வட்டம் போட என் கை வராது. குறியே போடாமல் விடவும் வராது. மரத்திடம் நான் பொய் சொன்னதில்லை.

ஊசி, பட்டறைப் பின்பக்கம் தேக்கு அடுக்கில் மேலிருந்து மூன்றாவது பலகைக்கு அடியில் இருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தின நாளே வைத்துவிட்டேன். வெச்சேன் என்று அக்காவிடம் சொன்னது அதைத்தான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. ஆகவே பலகை சொல்லட்டும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை. அவள் பிழைத்துவிடக் கூடாது என்றும் நினைத்திருக்கிறேன். அக்காவை நான்தான் கொன்றேன். இதற்கு மேல் சுற்றிவளைக்க ஒன்றுமில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

என்னைப் பார்க்க அவர் மறுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். எனக்குப் புரிகிறது. இது பூக்கும் காலம், அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பிரிந்த தேனீக் குடும்பங்களுக்குப் புதுப் பெட்டி வேறு தேவைப்படும். அவசரப்பட்டு வேறு யாரிடமும் மரம் வாங்கிவிட வேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள், மேடம். நான் வந்து பார்த்துத் தருகிறேன்.