இனாயத் பாய் காலி செய்த வீடு

ராயப்பேட்டையில் நல்ல குடித்தனக்காரர் கிடைப்பது கஷ்டம். எனக்குக் கிடைத்திருந்தார். இனாயத் பாய் புத்தகம் பைண்டிங் செய்பவர். நான் குடியிருக்கும் வீட்டை ஒட்டியே எனக்கு இன்னொரு வீடு உண்டு. அதில் அவரும் மனைவி ஜஹனாராவும் என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே குடியிருந்தார்கள். வாடகை பிந்தியதே இல்லை. சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பார்.

இன்ஸ்பெக்டர் ஐயா, எங்களுக்குள் பகை இருந்ததாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. என் மனைவி மீனாட்சி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பகலெல்லாம் பக்கத்தில் இருந்தவர் ஜஹனாராதான். சிக்கெடுத்துத் தலை பின்னிவிடுவார். மீனாட்சி போன அன்று என்னைவிட அவர்தான் அதிகம் அழுதார்.

எழுபத்து நான்கில் தியாகராய நகரில் என் ஜவுளிக்கடை பெருத்துவிட்டது. சரக்கு வைக்க இடம் இல்லை. பாயைக் கூப்பிட்டுப் பக்குவமாகத்தான் சொன்னேன்.

"எங்க போவேன் ஐயா? எங்க ஆளுங்கன்னா வூடு குடுக்கவே யோசிக்கிறாங்க. அவளுக்கு வேற மூச்சு வாங்கிக்கினே கீது. இங்கன்னா ஆஸ்பத்திரி கிட்டக்க கீது" என்றார்.

ரௌடிகளை அனுப்பித் தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் எறிகிற வீட்டுக்காரர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை. கோர்ட்டுக்குப் போனேன். சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று மனு போட்டோம். சரக்குக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாமே என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

மயிலாப்பூரில் என் வக்கீல் வேதாந்தம் கேஸ் கட்டை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். "வாடகை பாக்கி இல்லை, உள்வாடகைக்கும் விடலை. இனிமே ஒரே வழிதான் ஓய். கட்டடம் ஜீர்ணமாயிடுத்து, இடிச்சுக் கட்டணும்னு போடலாம். ஆனா உம்ம கட்டடம் கல்லு மாதிரின்னா நின்னுண்டிருக்கு!"

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். அவரை இதில் சேர்க்காதீர்கள்.

வீடு பழைய மெட்ராஸ் டெரஸ். மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தளம். தண்ணீர் வழிந்து ஓடிவிட்டால் நூறு வருஷம் நிற்கும். தேங்கினால் கட்டை ஊறிப்போகும். மொட்டை மாடிக்குப் படி என் பக்கத்துக் கொல்லையில் இருந்தது. சாவியும் என்னிடம்தான். இடிந்ததை அப்புறப்படுத்திய கொத்தனார், மழைத் தண்ணீர்க் குழாயில் துணி அடைத்திருந்தது என்று உங்களிடம் சொன்னாராம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். எங்கள் கடைத் துணிதான். ஒரு மழைக்காலத்துக்கு முன் நானே வைத்தேன். கட்டடத்தைக் கொஞ்சம் பழசாக்க வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு எண்ணம் இல்லை.

அந்த மழையில் கூடத்தில் கறை படர்ந்தது. மறு கோடையில் ஓர் இன்ஜினீயர் வந்து பார்த்து, கட்டடம் ஆபத்தானது என்று சர்டிபிகேட் கொடுத்தார். இரண்டாவது மனு போட்டோம். பாய் அதையும் எதிர்த்தார்.

இந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாய் என் வாசலில் நனைந்தபடி நின்றார்.

"மேல தண்ணி நிக்கிது போல கீது ஐயா. சாவி குடுத்தீங்கன்னா நானே ஏறிப் பாத்துட்டு வந்துடறேன். ரிப்பேர் செலவும் நான் பாத்துக்கறேன்."

"கேஸ் நடக்குது பாய். இப்போ கட்டடத்துல யார் கை வெச்சாலும் கோர்ட்ல தப்பாயிடும்" என்றேன்.

அவர் சட்டத்துக்குப் பயந்தவர். சரி என்று போய்விட்டார்.

தளம் விழுந்த அன்று காலையிலும் நான் மேலே ஏறினேன். கணுக்காலளவு தண்ணீர். குனிந்து துணியை இழுத்திருந்தால் போதும். ஆனால் அடுத்த வாரம் கோர்ட் அனுப்பும் கமிஷனர் கட்டடத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. அவர் பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு எடுக்கலாம் என்று இறங்கிவந்து கதவைப் பூட்டினேன்.

மத்தியானம் பாய் பைண்டிங் செய்த புத்தகங்களைக் கொடுத்துவரப் போயிருந்தார். ஜஹனாராவுக்கு மூச்சுத்திணறல்; படுத்திருந்தார். பெரிய துணி மூட்டையைக் கீழே போட்டது மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். முதலில் ஓடியவன் நான். இடுப்புவரை செங்கல் மூடியிருந்தது. முகமெல்லாம் சுண்ணாம்பு. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"உள்ள வராதீங்க ஐயா. இன்னும் விழும் போல கீது."

அதற்கப்புறம் பேசவில்லை. நான் உள்ளே போனேன். கையாலேயே செங்கல்லை அள்ளினேன். நகம் இரண்டு பிய்ந்தது. தெருவே பார்த்தது. அதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

அடக்கம் முடிந்த மறுநாள் பாய் வந்து வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை.

"நீங்க முதல்ல சொன்னப்பவே காலி பண்ணிக்கினு போயிருந்தா அவ உசுரோட இருந்திருப்பா. நான்தான் வீம்பு புடிச்சேன்" என்றார்.

தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். எல்லாம் விதி, மனசைத் தளரவிடாதீங்க என்றேன். அவர் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

அடைத்தது நான். எடுக்காமல் வந்ததும் நான். சாவி தர மறுத்ததும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பாய் சொன்ன அந்த வார்த்தையையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். நேர்மையான மனிதர். தவறு யார்மேல் என்பதை அவரே ஒத்துக்கொண்டார்.