வெடிக்குழி மேல உக்காந்த கல்லாபீசர்

கரடு கீறல் இல்லாம முழுசா நின்ன காலத்துல, வெள்ளக்கரட்டூர்னு ஒரு ஊரு. கரடுன்னா ஊர ஒட்டுன சின்ன மலை, பூரா வெள்ளக்கல்லு. அப்பறம் இஷ்டப்பட்டவங்க வந்து தோண்டுனாங்களாம், வண்டி வண்டியா அள்ளிட்டுப் போனாங்களாம். ஏன்னு கேக்க ஆள் கிடையாது.

அப்பத்தான் சர்க்காரு கனிம ஆபீசுன்னு ஒண்ணத் திறந்துச்சு. ஆபீசுன்னா என்ன? ரைஸ்மில்லுக்குப் பக்கத்துல ஒரு ஓட்டு ரூமு, ஒரு பெஞ்சு, ஒரு சைக்கிளு. ஒரே ஆபீசரு, மாசிலாமணின்னு பேரு. ஊருக்கு அவரு கல்லாபீசரு. வந்தவரு கரட்டச் சுத்தி நடந்தாரு, நடந்தாரு, ஏழு நாள் நடந்து அளந்தாரு. அடிவாரத்துல ஊரே குடிக்கிற தண்ணி ஊத்து, அதச் சுத்தி எல்லைக்கல்லு நட்டாரு. "இதுக்குள்ள ஒரு உளி படக்கூடாது"ன்னாரு.

நம்ம அங்கப்பன் அங்க குவாரியில வெடி வைக்கிறவன். ஒருநா குவாரிக்காரரு எல்லைக்கல்லப் புடுங்கி வீசிட்டு, ஊத்துக்கு மேலயே குழி போடச் சொன்னாரு. அங்கப்பனுக்குத் தெரியும், ஊத்து போனா ஊரே போச்சு. கூலிக்காரன் என்ன பேச முடியும்? குழி போட்டான், வெடிமருந்து திணிச்சான், திரியும் விட்டான்.

சேதி கேட்டு ஆபீசரு சைக்கிள மிதிச்சுக்கிட்டு வந்தாரு. நேராப் போயி குழி மேல சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.

"நகருங்க சார்!"னு கத்துனாரு குவாரிக்காரரு.

"மேலாபீசுக்குத் தந்தி குடுத்திருக்கேன். உத்தரவு வரட்டும்."

குவாரிக்காரருக்குக் கண்ணு செவந்துபோச்சு. "பத்த வைடா அங்கப்பா! பொகையப் பாத்தா தானா ஓடுவாரு!"

அங்கப்பன் தீப்பெட்டிய எடுத்தான். ஆபீசரப் பாத்தான். அவரு மூஞ்சியில பயம் தெரிஞ்சுது. ஆனா எந்திரிக்கல. அங்கப்பன் தீப்பெட்டியத் தூக்கி ஊத்துத் தண்ணியில எறிஞ்சான். "என் கையால ஆகாதுங்க"ன்னான். அவரு பக்கத்துலயே போயி உக்காந்துக்கிட்டான்.

அன்னிக்கு உக்காந்தாங்க, மறுநாளும் உக்காந்தாங்க. பொம்பளைங்க கம்மங்கூழு கொண்டாந்து குடுத்தாங்க. மூணாம் நாளு மத்தியானம் ஜீப்பு வந்துச்சு, உத்தரவும் வந்துச்சு. ஊத்துப் பக்கம் வெடியே கூடாதுன்னு. பொம்பளைங்க குடம் குடமா தண்ணி ஊத்தி மருந்த நனைச்சாங்க. ஆபீசருக்குக் கால் மடக்குனபடியே மரத்துப்போச்சு. அங்கப்பன்தான் தோள்ல தூக்கி எறக்குனான்.

அடுத்த மாசமே அவருக்கு மாத்தல். பஸ்சு மேல சைக்கிள ஏத்திக்கிட்டுப் போனவரு, அதோட ஊருப்பக்கம் வரல. அங்கப்பன் சாகுமட்டும் பஸ்சு சத்தம் கேட்டா எட்டிப் பாப்பானாம்.

இன்னிக்கும் அந்தக் கரட்டுல, ஊத்துக்கு ரொம்பத் தள்ளி, திரி பத்த வைக்கு முன்ன, ஒருத்தன் மேட்டுல நின்னு மூணு தரம் கூப்புடுவான்: "ஆபீசரய்யா, எந்திரிச்சுட்டீங்களா?"

செத்த நேரம் எல்லாரும் சும்மா நிப்பாங்க. அப்பறந்தான் நெருப்பு.