சடையப்பன் படகு விளக்கு குறித்து ஜெசிந்தா சொன்னது

என் பெயர் ஜெசிந்தா, வயது 36, கணவர் பெயர் ஜோஷ்வா, சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் உள்ள மாதா கோயில் தெருவில் குடியிருக்கிறேன். பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார்களுக்கு மின்னணுப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சதுரங்கப்பட்டினம் மீனவர் சடையப்பனையும் அவருடைய மைத்துனர் தீனதயாளனையும் கடலில் காணவில்லை என்று சடையப்பனின் மனைவி துர்காதேவி கொடுத்த புகாரை முடித்து வைப்பதற்காக உதவி ஆய்வாளர் கீர்த்தனா அவர்கள் என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது.

சதுரங்கப்பட்டினத்தில் படகுச் சாமான் கடை வைத்திருக்கும் ஹனியா என்னுடன் செங்கல்பட்டில் பாலிடெக்னிக் படித்தவர். இந்த வருடம் கோடையில் நான் அவர் கடைக்குப் போயிருந்தபோது சடையப்பன் தன் படகின் கம்ப விளக்கைக் கழற்றிக் கொண்டு வந்தார். "ஆஃப் பண்ணாலும் லேசா மினுங்கிகினே கீதும்மா. காலைல பாத்தா பேட்டரி பூட்ட கேஸு" என்றார். ஹனியா என்னைப் பார்த்து, "இன்னாடி, கார் லைட்டெல்லாம் செக் பண்ற, இத்த பாக்க மாட்டியா?" என்று கேட்டதால் நான் அந்த விளக்கை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன்.

அதன் பிறகு விளக்கைப் பிரித்துப் பார்த்ததில் அதன் சர்க்யூட் பேட்டரியின் மைனஸ் பக்கத்தை வெட்டி அணைப்பதாக இருந்தது. அப்படிச் செய்தால் அணைத்த பிறகும் விளக்குக்குப் பிளஸ் வந்துகொண்டே இருக்கும். படகில் இன்ஜின் இரும்பும் நனைந்த இடமும் மைனஸோடு தொடர்பில் இருப்பதால், உப்புத் தண்ணீர் பட்டதும் மின்சாரம் அதன் வழியாகக் கசிந்து ஓடி பேட்டரியைக் காலி செய்யும். ஆகவே பிளஸ் பக்கத்தையே வெட்டுவது என்று முடிவு செய்தேன். பிளஸ் பக்கத்தில் வைக்கும் டிரான்சிஸ்டரை விளக்கின் சிறிய சிப்பால் நேரடியாக இயக்க முடியாது, சிப் தரும் மின்னழுத்தம் அதற்குப் போதாது. அதனால் இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சின்ன டிரான்சிஸ்டரை வைத்து, சிப் அதை இயக்க, அது பெரியதை இயக்கும்படி வரைந்தேன். இவை எல்லாம் கம்பத்தின் மூடிக்குள் அடங்க வேண்டியிருந்ததால் போர்டைக் கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிதாக மட்டுமே செய்ய முடிந்தது.

முதலில் செய்த போர்டு தொட முடியாத அளவுக்குச் சூடானது. பேட்டரியை மிச்சப்படுத்த விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிந்து எரிந்து அணையும்படி வைத்திருந்தேன். அது உடனே எரிந்தாலும் அணையும்போது சோம்பலாக அணைந்ததால், அந்தப் பாதி நிலையில் பெரிய டிரான்சிஸ்டர் கொதித்தது. என் கணவர் ஜோஷ்வா, "தோசை சுடலாம் போல கீது" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார், ஏனென்றால் சாப்பாட்டு மேசை முழுவதும் என் சாமான்கள்தான் இருந்தன. அதன் பிறகு, அணைக்கும் நேரத்தில் பெரிய டிரான்சிஸ்டரில் தங்கும் மின்னூட்டத்தைச் சட்டென்று காலி செய்ய இன்னொரு சின்ன டிரான்சிஸ்டரைச் சேர்த்தேன். இடம் இல்லாததால் அதைப் போர்டின் பின்பக்கத்தில் வைத்தேன். மறுபடி ஓட விட்டு விரலை வைத்தபோது வெதுவெதுப்புக்கூட இல்லை. ஜோஷ்வாவைக் கூப்பிட்டு அவர் விரலையும் வைக்கச் சொன்னேன். அன்று நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

அதன் பிறகு விளக்கு இரண்டு முறை குட்டையாகவும் ஒரு முறை நீளமாகவும் மின்னும்படி வைத்து, மூடியில் தண்ணீர் புகாதபடி பசை ஊற்றி, சடையப்பனிடம் கொடுத்தேன். இது சோதனைக்காகச் செய்தது, இதை மட்டும் நம்பிப் போக வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். அதுபோன்ற போர்டு வேறு எதுவும் நான் செய்யவில்லை.

சம்பவத்தன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெபம் முடிந்து திருப்போரூர் வழியாகப் பஸ்ஸில் ஹனியா கடைக்குப் போனபோது கடையில் துர்காதேவி உட்கார்ந்திருந்தார். முந்தைய நாள் விடியலில் கடலுக்குப் போன கணவரும் தம்பியும் திரும்பவில்லை என்று தெரிந்துகொண்டேன். துர்காதேவி தம்பியின் செல்போனுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்து, அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்ற அறிவிப்பைத் தமிழிலும் இங்கிலீஷிலும் முழுதாகக் கேட்டுவிட்டு மறுபடி போன் செய்துகொண்டிருந்தார். தேடப் போன படகுகள் தெற்கே பார்த்துவிட்டு வெறுமனே திரும்பின. துர்காதேவி என்னிடம், "அக்கா, நீ குத்த லைட்டு எரியுமா?" என்று கேட்டார். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி எரிய வைத்ததைத் தவிர, கடலில் ஒரு முழு நாள் அது எரிந்து நான் பார்த்ததில்லை. எரியும் என்று சொன்னேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கடைக்கு வெளியே போய் நின்றேன்.

அன்று பொழுது சாய்ந்த நேரத்தில் மாமல்லபுரத்துக்கு வடக்கே வலை போட்டிருந்த குமார் என்பவர் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது, கப்பலுக்கு வழிகாட்டும் மிதவையாக இருக்கலாம் என்று சொன்னதாக, கடைக்கு வந்த ஏட்டு எங்களிடம் தெரிவித்தார். அந்த விளக்கு எப்படி மின்னுகிறது என்று கேட்கச் சொன்னேன். ஏட்டு குமாருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். குமார் அந்த விளக்கைக் கவனித்துவிட்டு, "டக்கு டக்குனு ரெண்டு. அப்பால ஒண்ணு நீளமா வருது" என்றார். அது சடையப்பன் படகுதான், வேறு யாரிடமும் அப்படி விளக்கு இல்லை என்று சத்தமாகச் சொன்னேன். துர்காதேவி என் கையை இறுகப் பிடித்தார், என் வளையல் அழுந்திய தடம் மறுநாளும் இருந்தது.

அதன் பிறகு குமாரும் அவருடைய ஆட்களும் போய்ப் பார்த்ததில், புரொப்பெல்லரில் வலை சிக்கி இன்ஜின் நின்றுபோய் நீரோட்டத்தில் வடக்கே இழுபட்ட நிலையில் சடையப்பனும் தீனதயாளனும் படகில் உயிருடன் இருந்தார்கள். படகைக் கயிறு கட்டி மாமல்லபுரம் கரைக்கு இழுத்து வந்தார்கள். நாங்கள் ஹனியாவின் தம்பி முஜீப் ஓட்டிய வேனில் அங்கே போய்ச் சேர்ந்தோம். துர்காதேவி கணவரைத் தாண்டிப் போய்த் தம்பியை முதுகில் ஓங்கி அடித்துவிட்டு அழுதார்.

விளக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம் என்று குமார் சொன்னபோது சடையப்பனுக்கு அது புதுச் செய்தியாக இருந்தது. "லைட்டா? அது பாட்டுக்கு எரிஞ்சிகினு இருந்துச்சி. நாங்க அசந்து தூங்கிட்டோம்" என்றார். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. நான் படகில் ஏறிக் கம்பத்தின் மூடியைத் தொட்டுப் பார்த்தேன். அது குளிர்ச்சியாக இருந்தது.

மேற்படி விளக்கைச் சான்றுப் பொருளாகக் கைப்பற்ற வேண்டுமா என்று உதவி ஆய்வாளர் கேட்டார்கள். வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்ஜின் சரியாகிவிட்டது, நாளை விடியலில் அவர்கள் கடலுக்குப் போகிறார்கள். நிலையத்துக்குக் காட்ட வேண்டும் என்றால் இதேபோல் இன்னொன்று செய்து தருகிறேன்.

நான் சொன்னது இவ்வளவுதான். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் உண்மையைச் சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்) ஜெசிந்தா

என் முன் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) கீர்த்தனா, உதவி ஆய்வாளர்